நாலாம் நம்பர் சீட்

ஏப்ரல் 21, 2025 – திங்கள்

நேற்று இவர் கொடைக்கானலிலிருந்து திரும்பினார். கொண்டுவந்தவை: இலையோடு ஒரு கட்டு கேரட், சாக்லேட் பொட்டலம், வழக்கம்போல ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலம். பேசியவை: "தண்ணி." "சாதம் போதும்." "சார்ஜர் எங்க?"

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிற மனுஷர்தான். சொந்த வேன், மாமியார் பேரில் 'காளியாயி டிராவல்ஸ்'. சனி ஞாயிறு என்றால் சீட் போட்டு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். மற்ற நாளில் கல்யாணம், காதுகுத்து என்று உள்ளூர் ஓட்டம். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, டிவி, தூக்கம்.

இன்று காலை துவைக்கப் போட அவர் பையைக் கவிழ்த்தேன். மெரூன் கலரில் ஒரு கம்பளிக் குல்லா விழுந்தது. கடைக் குல்லா இல்லை. கையால் பின்னியது, ஓரத்தில் வெள்ளைக் கரை வேறு.

"இது யார் குடுத்தது?"

"லின்சி."

"யாரு லின்சி?"

"அங்க மெஸ் வச்சிருக்கு."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். வச்சிருக்காங்க என்று மரியாதையாகச் சொல்லவில்லை, கவனித்தேன். சொந்தத் தங்கச்சியைச் சொல்கிற மாதிரி 'வச்சிருக்கு'. தங்கச்சிதானா?

ஏப்ரல் 22

லின்சியாம். பேரைப் பார்.

ஏப்ரல் 25 – வெள்ளி

சாயங்காலம் வாசலில் நின்று போனில் பேசினார். நாளைக்கு எத்தனை சாப்பாடு என்று அந்த மெஸ்ஸுக்குச் சொல்கிறார் போல. சரி, தொழில். ஆனால் சிரித்தார். வாய்விட்டு, வேன் கதவில் கையைத் தட்டிச் சிரித்தார். நான் கோலப்பொடி டப்பாவோடு நிலைப்படியில் நின்றேன். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "சரி, வைக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

"என்ன சிரிப்பு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லாததற்கா அப்படிச் சிரிப்பார்கள்? எனக்கு ஒரு தடவை சிரித்துக் காட்டட்டுமே. நான் என்ன, சிரிக்கத் தெரியாதவளா?

ரஞ்சனியிடம் சொன்னேன். காலேஜ் படிக்கிற பெண், கொஞ்சம் புரியும் என்று. "அம்மா, அப்பாவோட மூஞ்சிக்கெல்லாம் ஒண்ணும் நடக்காது, போ" என்றாள். அவளுக்கு அப்பா மூஞ்சிதான் தெரியும். எனக்கு, என்னைப் பெண்பார்க்க வந்த அன்றைய மூஞ்சியும் தெரியும்.

ஏப்ரல் 29

தெருவில் எல்லாரும் சொல்வது ஒன்றே. "உனக்கென்னடி, நெனச்சா கொடைக்கானல்." எதிர்வீட்டு அக்காவும் இன்று அதையே சொல்லிக்கொண்டு தைலம் கேட்டு வந்தாள். வாராவாரம் வந்து சேருகிறது, யாருக்கு வேண்டும்? இரண்டு பாட்டிலாகத் தூக்கிக் கொடுத்தேன்.

நான் கொடைக்கானலைப் பார்த்ததே இல்லை. இதை வெளியில் சொன்னால் நம்புவார்களா? என் ஃபிரிட்ஜ் கதவில் ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, தூண் பாறை காந்தமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீசனில் சீட் எல்லாம் காசு, எனக்கு இடம் கிடையாது. சீசன் இல்லாதபோது வண்டி ஒர்க் ஷாப்பில் கிடக்கும், இல்லாவிட்டால் ரஞ்சனிக்குப் பரீட்சை. நானும் வற்புறுத்திக் கேட்டதில்லை. மலைதானே, எங்கே போய்விடப்போகிறது என்றிருந்தேன். மலை எங்கும் போகாது. இந்த ஆள் என் கையைவிட்டுப் போய்விடுவாரோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.

மே 3 – சனி

விடியற்காலையில் போனார். குல்லாவை மறக்காமல் எடுத்துக்கொண்டார். டிபன் பாக்ஸை மறந்துவிட்டார்.

மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா?

மே 7 – புதன்

இந்தச் சனிக்கிழமை டூரில் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் காய்ச்சல் என்று வரவில்லையாம். ஒரு சீட் காலி. இனிமேல் ஆள் கிடைக்காது என்று இவர், சீட் பிடித்துத் தருகிற புரோக்கர் பிச்சைமுத்துவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாடு போடும்போது கேட்டேவிட்டேன்.

"காலியாத்தானே போகுது? நான் வரேன்."

நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே "வா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வாய் சாப்பிட்டபின் சொன்னார்:

"ஆனா வண்டியில எம் பொண்டாட்டின்னு காட்டிக்காத. காசு குடுத்து வர்றவங்க. டிரைவர் குடும்பத்த ஓசியில ஏத்திட்டு வரான்னு பேச்சு வந்தா அடுத்த டூருக்கு ஒருத்தன் வரமாட்டான். மன்னார்புரம் முக்குல நின்னு ஏறிக்க. மத்தவங்க மாதிரி இரு."

எல்லா வேன்காரர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, எனக்கும் தெரியும். போன வருஷம் ஒருத்தர் மச்சினன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய், பாதி வழியில் பார்ட்டிக்காரர்கள் இறங்கிச் சண்டை பிடித்தார்கள். நியாயம்தான். ஆனால் என் மனசு கேட்கவில்லை. நான் பெண்டாட்டி என்று யாருக்குத் தெரியக் கூடாது – பார்ட்டிக்கா, அவளுக்கா?

போகிறேன். நேரில் பார்த்துவிடுகிறேன்.

மே 10 – சனி, கொடைக்கானல்

சாயங்காலம். காட்டேஜ் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரல் விறைக்கிறது. கூட இருக்கும் லூர்துராணி டீச்சர் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறார். புத்தூர்க்காரர், ரிட்டயர்டு. நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு வகையில் கணக்குத்தான்.

காலையில் அவர் முதலில் கிளம்பிப் போய் ஸ்ரீரங்கத்திலும் புத்தூரிலும் ஆள் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு மன்னார்புரம் முக்கில் நின்றேன். வேன் வந்து நின்றது. இறங்கினார். குளித்து, விபூதி வைத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. பையக் குடுங்க. பாத்து ஏறுங்க, படி ஒசரம்."

என் பையை வாங்கினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இந்த மனுஷர் என் கையிலிருந்து எதையாவது வாங்கியிருக்கிறார் என்றால் அது மளிகைச் சீட்டுத்தான். நான் ஏறினேன். நாலாம் நம்பர் சீட், ஜன்னலோரம்.

திண்டுக்கல் தாண்டியதும் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கை மாட்டினார். நான் அதைப் பார்த்ததே இல்லை. "எல்லாருக்கும் வணக்கம். என் பேரு தமிழ்மணி. இன்னிக்கும் நாளைக்கும் உங்க உசுரும் என் உசுரும் ஒரே வண்டியில" என்று ஆரம்பித்தார். வேன் சிரித்தது. அதன்பிறகு நிறுத்தவேயில்லை. வத்தலக்குண்டில் வாழைப்பழம் எங்கே வாங்க வேண்டும், இ-பாஸ் எதற்கு வந்தது, எந்த வளைவில் யாருக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழத்தை எப்போது மோந்துபார்க்க வேண்டும். டம்டம் பாறையில் இறக்கிவிட்டு, "அதோ நூல் தொங்குற மாதிரி தெரியுது பாருங்க, அதான் எலிவால் அருவி. யார் பேர் வச்சாங்கன்னு தெரியல. அவங்க வீட்டுல எலித் தொல்லை போல" என்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த மாமி ஒருத்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

யார் இந்த ஆள்? இவரையா நான் ஊமை என்று எங்கள் அம்மாவிடம் சொல்லி அழுதேன்?

நடுவில் மைக்கில், "நாலாம் நம்பர் சீட் அம்மா, ஜன்னல மூடிக்கோங்க. பழக்கமில்லாதவங்களுக்கு இந்தக் காத்து காத அடைச்சிடும்" என்றார். மூடினேன். கன்னம் சூடாகிவிட்டது. இந்த வயதில்! எனக்கே வெட்கமாக இருந்தது.

மத்தியானம் அவளுடைய மெஸ். லின்சி கல்லாவில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். அவள் புருஷன் பந்தியில் சாதம் போட்டுக்கொண்டிருந்தான். டிரைவர்களுக்கென்று தனி மேஜை. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேர் தலையிலும் குல்லா. சிவப்பு, பச்சை, நீலம், எங்கள் மெரூன். வண்டியைத் தன் மெஸ்ஸுக்குக் கொண்டுவருகிற எல்லா டிரைவருக்கும் சீசனுக்கு ஒன்று பின்னிக் கொடுத்துவிடுகிறாளாம், கெட்டிக்காரி.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். இலையில் கை வைக்கும் முன்பே அவள் சாம்பார் ஊற்றுகிற சாக்கில் என் பக்கம் குனிந்தாள்.

"அண்ணிதானே? போட்டோல பாத்திருக்கேன். பார்ட்டிக்குத் தெரியக் கூடாதுன்னு அண்ணன் போன்லயே சொல்லிட்டாரு. முட்டி வலி எப்படிண்ணி இருக்கு? தைலம் கேக்குதா?"

"எந்தத் தைலம்?"

"வாராவாரம் குடுத்து விடறேனே. கடையில விக்கிறது பூரா கலப்படம். எம் பொண்டாட்டிக்கு முட்டி புடிச்சுக்குது, மாடி ஏற முடியலன்னு அண்ணன் ரொம்பக் கேட்டுக்கிட்டாரு. தெரிஞ்சவங்ககிட்ட காச்சச் சொல்லி வாங்கித் தரேன். ரஞ்சனி அந்தக் கணக்குப் பேப்பர் இந்தத் தடவையாவது எழுதிட்டாளா?"

"எழுதிட்டா" என்றேன்.

"அண்ணன் உக்காந்தா உங்க வீட்டுக் கதைதாண்ணி. ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. நீங்க பால்காரர்கிட்ட போட்ட சண்டைய அவரு நடிச்சுக் காட்டணும், நாங்க சிரிச்சுச் சிரிச்சு..." அவள் வெள்ளந்தியாகச் சொல்லிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.

குல்லா கொடுத்தாள், கொஞ்சினாள் என்றால் நான் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன சண்டை போடுவது? என் முட்டி வலி அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளிடம் சொல்லி மருந்து வாங்கி, அலமாரியில் வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு டிவி பார்த்திருக்கிறார். நான் அதை எதிர்வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

என்னைப் பற்றிய பேச்செல்லாம் அவளுக்கு. எனக்கு "சார்ஜர் எங்க".

மே 11 – ஞாயிறு, வீடு

தூண் பாறைக்குப் போனபோது ஒரே மேகம். ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் முகம் சுண்டிவிட்டது. இவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "வருத்தப்படாதீங்க. பாறை உள்ளதான் இருக்கு. நானும் இத்தன வருசமா வரேன், ஒரு நாள் கூட எடம் மாறல" என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டே அந்த வெள்ளையைப் போட்டோ எடுத்தார்கள். பிறகு உண்மையாகவே மேகம் விலகியது. என் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற அதே பாறை, ஆனால் கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். நான் பாறையைப் பார்க்கிறபோது அவர் என்னைப் பார்த்தார். "அம்மா, தெரியுதுங்களா?" என்றார். "தெரியுதுங்க" என்றேன்.

ஏரியில் படகு. கரையில் இவர் எல்லாருடைய பையையும் செருப்பையும் காவல் காத்தார். டீச்சர் துடுப்பைப் பிடித்தபடி என்னிடம் சொன்னார்:

"எவ்வளவு நல்ல மனுஷன் பாருங்க. இவரக் கட்டினவ குடுத்து வச்சவ. வீடே கலகலன்னு இருக்கும்."

"இருக்கும் டீச்சர்" என்றேன்.

யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு இப்போது லின்சி மேல் கோபம் இல்லை. அந்த நாலாம் நம்பர் சீட்டுக்காரி மேல்தான் பொறாமை. இரண்டு நாள் அவளை எப்படித் தாங்கினார்! ஏறும்போது கை, இறங்கும்போது கை, "டீ சூடா இருக்கு, பாத்துக் குடிங்கம்மா". அவள் யார்? காசு கூடக் கொடுக்காதவள். அவளுக்கு இருந்த புருஷன் எனக்கு இல்லை.

திரும்பும்போது நான் மன்னார்புரத்தில் இறங்காமல், ஸ்ரீரங்கத்தில் சொந்தக்காரர் வீடு என்று பொய் சொல்லி வண்டியிலேயே இருந்தேன். புத்தூரில் டீச்சர் கையைப் பிடித்து நம்பர் வாங்கிக்கொண்டு இறங்கினார். ஸ்ரீரங்கத்தில் கடைசி ஆளும் இறங்கியாயிற்று. வேனில் நாங்கள் இருவர்தான். இப்போது பேசுவார் என்று முன்னால் போய் உட்கார்ந்தேன்.

மைக்கைக் கழற்றி டேஷ்போர்டில் போட்டார். காவிரிப் பாலம் வந்தது, மலைக்கோட்டை விளக்கு தெரிந்தது, பஸ் ஸ்டாண்ட் போயிற்று. ஒரு வார்த்தை இல்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் "எறங்கு" என்றார். பையை நான்தான் தூக்கினேன்.

மே 12

சண்டை போட்டுவிட்டேன். காபி டம்ளரை வைத்த வேகத்தில் பாதி கொட்டிவிட்டது.

"ஊருக்கெல்லாம் அந்தப் பேச்சுப் பேசுறீங்க. எனக்கு ஒரு வார்த்த இல்ல. நான் என்ன பாவம் பண்ணேன்? எம் முட்டி வலிய அவகிட்ட சொல்லுவீங்க, எங்கிட்ட கேக்க மாட்டீங்களா?"

பேப்பரைப் புரட்டினார். நான் விடவில்லை. கடைசியில், "ரெண்டு நாளும் பேசிப் பேசித் தொண்ட காஞ்சு போவுதுடி வள்ளி. அங்க பேசலன்னா சோறு இல்ல. வீட்டுக்கு வந்தாத்தான் வாய மூடிட்டு இருக்க முடியுது. இங்கயும் சிரிச்சுக் காட்டணுமா?" என்றார்.

"லின்சிகிட்ட பேசுறதும் சோத்துக்கா?"

தலையைக் குனிந்துகொண்டு, "அது... அங்க இருந்தா உங்க ரெண்டு பேரு நெனப்பு வரும். சொல்லுவேன். இங்க நீதான் கண்ணு முன்னாடி இருக்கியே, என்னத்த சொல்றது" என்றார்.

எதிரில் இருக்கிறவளிடம் சொல்ல ஒன்றும் இல்லையாம். அழுதேன். அவர் கொட்டின காபியைத் துணியால் துடைத்தார்.

மே 14

அலமாரியில் மிச்சம் இருந்த ஒரு பாட்டிலை எடுத்து முட்டியில் தேய்த்தேன். நன்றாகக் கேட்கிறது. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மே 17 – சனி

போய்விட்டார். இந்நேரம் மைக் மாட்டியிருப்பார். இன்று நாலாம் நம்பர் சீட்டில் யாரோ?

ரஞ்சனி, "ஏம்மா ஒரு மாதிரி இருக்க?" என்றாள். தலைவலி என்றேன். அவளுக்கு எப்படிச் சொல்வது? முகம் தெரியாத எவளோ ஒருத்தி ஜன்னலை மூடிக்கொள்கிறாளே என்று வயிறெரிகிறேன் என்றால் டாக்டரிடம் கூட்டிப்போவாள்.

மே 21 – புதன்

இன்று நடந்ததை எழுதிவைக்க வேண்டும்.

காலையிலிருந்து அவர் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று போன் வந்தது. சமையலறை ஜன்னல் வழியாகக் காதில் விழுந்துகொண்டே இருந்தது. "சொல்லுங்க மேடம்... ஆமாங்க மேடம்... குழந்தைக்கு ஸ்வெட்டர் மறக்காம எடுத்துக்கோங்க." தேன் ஒழுகியது. நான் அடுப்பில் வத்தக்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே என்னமோ ஆயிற்று. கரண்டியை வைத்துவிட்டு என் போனை எடுத்து அவருக்கு அடித்தேன்.

"என்ன?" என்றார். வீட்டுக் குரல்.

"டிராவல்ஸுங்களா?" என்றேன்.

ஜன்னலில் பார்த்தேன். என் பக்கம் முதுகு. ஒரு கையில் தண்ணீர்க் குழாய், அது தன்பாட்டுக்குச் செருப்பின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் நான் போனை வைத்திருப்பேன். சத்தியமாக வைத்திருப்பேன். மானம் போயிருக்கும்.

திரும்பவில்லை. குனிந்து குழாயை மூடினார்.

"ஆமாங்க மேடம். சொல்லுங்க."

"கொடைக்கானலுக்கு சீட் இருக்குங்களா?"

"இந்த வாரம் ஃபுல்லாயிடுச்சுங்களே."

"அப்ப வச்சிடவா?"

"இருங்க, இருங்க, வச்சிடாதீங்க." வேன் படியில் மெல்ல உட்கார்ந்தார். "சீட்தான் இல்ல. எப்படிப் போவோம், என்னென்ன பாப்போம்னு வேணா சொல்றேன். நேரம் இருக்குங்களா?"

"அடுப்புல குழம்பு இருக்கு. பரவால்ல. சொல்லுங்க."

"விடியக்காலைல கெளம்புவோம். மொதல்ல உங்கள ஏத்திக்கிட்டுத்தான் மத்தவங்க. மன்னார்புரம் முக்குல நிக்க வேண்டாம், வண்டி வீட்டு வாசலுக்கே வரும்..."

சொல்லிக்கொண்டே போனார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரஞ்சனி உள்ளே வந்து, "அம்மா, குழம்பு அடிபிடிக்குது, யார்கிட்ட பேசிட்டிருக்க?" என்றாள். பேசாதே என்று கையைக் காட்டினேன். அவளே அடுப்பை அணைத்தாள். போனில் வண்டி அப்போதுதான் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்திருந்தது.